ஆவணி வற்று: பரவைக்கடலில் பண்ணை போட நினைப்பவர்களுக்கு

யாழ்ப்பாணத்தின் ஆழமற்ற உள்கடலான பரவைக்கடலில் கடலட்டைப் பண்ணை போடுவதற்காக நகையை அடைவு வைக்கும் யோசனையில் இருப்பவர்கள், கட்டையும் வலையும் வாங்கப் போவதற்கு முன் இதை ஒருமுறை வாசித்துவிடுங்கள். குஞ்சு எங்கே வாங்குவது, அனுமதிக்கு யாரைப் பார்ப்பது, வளர்ந்த அட்டையை யார் எடுப்பார்கள் என்றெல்லாம் சொல்லித்தர ஆட்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். கடல் இறங்கும் வற்றையும் ஏறும் பெருக்கையும் பற்றி மட்டும் எனக்கு ஒருவரும் வாய் திறக்கவில்லை. நான் கேட்டபோதும் "எங்கள் கடலில் வற்றுப்பெருக்கு ஒரு பொருட்டா?" என்று சிரித்தார்கள். அந்தச் சிரிப்புக்கு நான் கொடுத்த விலை ஏறக்குறைய நான்கு இலட்சம் ரூபா. அடைவு வட்டி தனி.

சிரித்தவர்கள் சொன்னதில் பாதி உண்மை. இலங்கையைச் சுற்றிய கடலில் பெரிய பெருக்குக்கும் பெரிய வற்றுக்கும் இடையிலான உயரம் ஒரு மீற்றரைக்கூட எட்டுவதில்லை. பரவைக்கடலுக்குள் அது இன்னும் குறைவு. வேறு நாடுகளில் கப்பலையே தரை தட்ட வைக்கும் வற்றோடு ஒப்பிட்டால் எங்களுடையது ஒன்றுமே இல்லைதான். ஆனால் எங்கள் கடலின் அடித்தரை எப்படிப்பட்டது என்று பாருங்கள். அராலிக் கரையிலோ மண்டைதீவுக் கரையிலோ இறங்கி நடந்தால், நடந்துகொண்டே இருக்கலாம். முழங்கால் நனைய வெகுநேரம் ஆகும். அவ்வளவு தட்டையான தரையில் தண்ணீர் ஒரு சாண் இறங்கினால், கரை எங்கோ தொலைவுக்குப் போய்விடும். உயரத்தைப் பார்த்துச் சிரிப்பவர்கள் அகலத்தைப் பார்ப்பதில்லை.

நான் ஒரு மருந்துக்கடையில் கணக்கு எழுதியவன். கடல் என்றால் நகரிலிருந்து தீவுகளுக்குப் போகும் பண்ணைப் பாலத்தைக் கடக்கும்போது பஸ் யன்னலால் தெரிவது, அவ்வளவுதான். வேலையை விட்டதும் சேமிப்போடு மனைவியின் நகையையும் சேர்த்து, தீவகத்தின் உட்பக்கக் கரை ஒன்றில் ஒரு ஏக்கர் பரப்பில் பண்ணை போட்டேன். எந்தக் கரை என்று இங்கே எழுதப்போவதில்லை; அதற்குக் காரணம் பின்னால் தெரியும். இடம் பார்த்துத் தருவதற்கு ஆலோசகர் ஒருவர் கட்டணம் வாங்கினார். அவர் வந்தது ஒரு மார்கழி மாத மதியம். அளவுகோலைத் தண்ணீரில் நிறுத்திப் பார்த்தார். எனக்குத் தொடையளவு தண்ணீர். "எவ்வளவு வற்றினாலும் முழங்காலுக்குக் கீழே போகாது" என்று அறிக்கையில் எழுதியும் கொடுத்தார். கட்டை, வலை, கூலி, ஒரு சிறிய பைபர் வள்ளம், 60 ரூபாப்படி ஐயாயிரம் குஞ்சு என்று பத்து இலட்சத்துக்கு மேல் கடலுக்குள் இறங்கியது.

சித்திரை, வைகாசி வரை எல்லாம் நன்றாகத்தான் போனது. ஆனியிலிருந்து தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைவதை வலையில் பார்த்தேன். பாசி பிடித்த கோட்டுக்கும் தண்ணீருக்கும் இடையே ஒரு வெளிறிய பட்டை விழுந்தது. வாரத்துக்கு வாரம் அது அகன்றது. கோடை, வெயில், ஆவியாகிறது என்று நினைத்துக்கொண்டேன். அந்தப் பட்டை சொல்ல வந்த செய்தி அதுவல்ல என்பதை விளக்க அங்கே ஆள் இருக்கவில்லை.

நல்லூர்த் தேருக்கு என்னோடு வேலை செய்த இரண்டு இளைஞர்களும் போய்விட்டார்கள். ஆவணி அமாவாசையன்று தீர்த்தம். அது முடிந்தும் பூங்காவனத் திருவிழா பார்க்க நகரிலேயே நின்றுவிட்டார்கள். குற்றம் சொல்ல முடியாது, ஊரே அங்கேதான் இருந்தது. நான் மட்டும் தீர்த்தத்துக்கு மறுநாள் காலை பண்ணைக்குப் போனேன். எட்டு மணிக்கு முழங்காலளவு தண்ணீர். பத்து மணி வரை பெரிதாக எதுவும் தெரியவில்லை. வற்றில் கவனிக்க வேண்டிய முதல் விடயமே இதுதான்: தண்ணீர் ஒரே வேகத்தில் இறங்குவதில்லை. தொடக்கத்தில் சோம்பலாக இருக்கும், நடுவில் உள்ள இரண்டு மணித்தியாலத்தில்தான் பாதி இறங்கிவிடும், கடைசியில் மீண்டும் மெதுவாகும். "ஒரு மணித்தியாலத்தில் இரண்டு விரல்தானே இறங்கியது" என்று அந்தக் கணக்கை முழு நேரத்துக்கும் நீட்டிப் பார்ப்பவர் மாட்டிக்கொள்வார்.

பதினொன்றரைக்கு என் கணுக்கால் தெரிந்தது. கைத்தொலைபேசியில் வற்றுப்பெருக்கு நேரம் காட்டும் செயலி ஒன்றை வைத்திருந்தேன். 11.40க்கு வற்று முடிந்து தண்ணீர் ஏறத் தொடங்கும் என்று அது காட்டியது. பத்து நிமிடம் பொறுத்தால் போதும் என்று வலைக்கட்டையில் சாய்ந்து நின்றேன். பன்னிரண்டு மணிக்கும் இறங்கிக்கொண்டிருந்தது. பன்னிரண்டரைக்கு வள்ளம் சேற்றில் உட்கார்ந்துவிட்டது, தள்ளினால் அசையவில்லை. அதன் பிறகுதான் பிளாஸ்டிக் கூடையைத் தூக்கிக்கொண்டு அட்டைகளைப் பொறுக்கத் தொடங்கினேன். பகலில் இவை மண்ணுக்குள் புதைந்து கிடக்கும். விரலால் சுரியைக் கிளறித்தான் எடுக்க வேண்டும். ஆழமான ஓடை இருநூறு மீற்றருக்கு அப்பால். ஒவ்வொரு கூடைக்கும் சுரிக்குள் முழங்கால் வரை புதைந்து புதைந்து போய்க் கொட்டிவிட்டு வந்தேன். செருப்பைச் சேறு விழுங்கியது, சிப்பி பாதத்தைக் கிழித்தது. யாரை அழைத்தாலும் மணி அடித்தது, எடுப்பார் இல்லை.

ஆங்காங்கே தேங்கிய குட்டைகளில் கையை வைத்தால் சுட்டது. நல்ல அட்டையைத் தொட்டால் உடனே இறுகிச் சுருங்கும். அவை சவர்க்காரம் போல வழுக்கின. சில குடலைக் கக்கிவிட்டிருந்தன, சிலவற்றின் முதுகில் வெள்ளைத் திட்டுகள். பிற்பகல் இரண்டு மணி கழிந்துதான் சுரியில் இருந்த கீறல் ஒன்றுக்குள் தண்ணீர் திரும்பி ஊர்வதைக் கண்டேன். அட்டைகளை மூடும் அளவுக்கு அது ஏற நான்கு மணி ஆனது. கரையில் ஏறி உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன் என்று எழுத வெட்கமில்லை; பார்க்க ஆள் இல்லாதது அந்த ஒரு விடயத்தில் வசதியாக இருந்தது. அடுத்த சில நாட்களில் செத்தவற்றையும் சேர்த்தால் பாதிக்கு மேல் போய்விட்டது.

இதற்குப் பிறகு நான் தேடிப்போனது பாசையூரில் இருக்கும் ஒரு முதியவரை. மருந்துக்கடைக்கு இரத்த அழுத்தக் குளிசை வாங்க வருவார், எண்பதைத் தாண்டியவர். வாழ்நாள் முழுவதும் பரவைக்கடலில் களங்கட்டி வலையும் நண்டு வலையும் போட்டவர். அவருடைய வீட்டுச் சுவரில் அந்தோனியார் படத்துக்குப் பக்கத்தில் பஞ்சாங்க நாட்காட்டி தொங்கியது. திதி அச்சிட்ட இடத்தில் பென்சிலால் சின்னச் சின்னக் கோடுகள். வேதக்காரர் வீட்டில் திதிக்கு என்ன வேலை என்று நான் யோசித்ததை அவர் கண்டுகொண்டார் போல. "தம்பி, இது பூசைக்கு இல்லை, தண்ணீருக்கு" என்றார். பிறகு ஒரு கேள்வி கேட்டார். "அமாவாசையன்று உன்னுடைய கரையில் எத்தனை மணிக்குப் பெருக்கு நிற்கும்? அதைச் சொல்லு, மிச்சத்தை நான் சொல்லுகிறேன்." எனக்குத் தெரியவில்லை. அறிக்கை எழுதிய ஆலோசகருக்கும் தெரிந்திருக்காது. "அப்பு, அது தெரியாமல் என்ன செய்யலாம்?" என்றேன். "ஒன்றும் செய்யேலாது" என்றார்.

அவர் சொல்லித்தந்த கணக்கு இதுதான். பெருக்கு ஒரு திதிக்கு இரண்டு நாழிகை பிந்தும். ஒரு நாழிகை 24 நிமிடம் என்பதால் இரண்டு நாழிகை 48 நிமிடம். அமாவாசையிலிருந்து அமாவாசைக்கு முப்பது திதி. முப்பதை இரண்டால் பெருக்கினால் அறுபது நாழிகை, அதாவது முழுதாக ஒரு நாள். நிலவு ஒரு சுற்று முடிக்கும்போது பெருக்கும் ஒரு நாள் பிந்தி, புறப்பட்ட மணிக்கே வந்து நிற்கிறது. பாடப் புத்தகங்கள் நாளொன்றுக்கு ஏறத்தாழ 50 நிமிடம் என்று சொல்வதும் இதைத்தான். கணக்கு எழுதியே பிழைத்த எனக்கு, பஞ்சாங்கத்துக்குள் இவ்வளவு சுத்தமாக ஒரு கணக்கு இருப்பது அந்தத் துயரத்திலும் கொஞ்சம் மகிழ்ச்சியாக இருந்தது.

உதாரணத்துக்கு, உங்கள் கரையில் அமாவாசையன்று காலை ஏழு மணிக்குப் பெருக்கு உச்சத்துக்கு வந்து நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். பெருக்கிலிருந்து வற்றுக்கு ஆறேகால் மணித்தியாலம் அளவில் எடுக்கும்; ஆகவே அன்று வற்று மதியம் ஒன்றேகாலுக்குக் கிட்ட. எட்டாம் திதியான அட்டமிக்கு எட்டு 48 நிமிடம், அதாவது ஆறு மணி 24 நிமிடம் பிந்தும். அதே மதியம் ஒன்றரையளவில் அட்டமியன்று பெருக்கு நிற்கும். பௌர்ணமியான பறுவத்தன்று பதினைந்து திதி, பன்னிரண்டு மணித்தியாலம். நாளுக்கு இரண்டு பெருக்கு இருப்பதால் மணி திரும்பவும் ஏழுக்கே வந்துவிடும். இதிலிருந்து பண்ணை போடுபவர்களுக்கு ஒரு பெரிய செய்தி வருகிறது. பெரிய வற்று வருவது அமாவாசையையும் பறுவத்தையும் ஒட்டித்தான். அந்த இரண்டுக்கும் ஒரு கரையில் மணி மாறுவதில்லை. ஆகவே உங்கள் கரையில் பெரிய வற்று மதியத்தில் விழுமானால், ஒவ்வொரு முறையும் மதியத்தில்தான் விழும். கோடை வெயிலில் தரை வேகும். காலை ஏழுக்கும் மாலை ஏழுக்கும் விழும் கரையானால் அட்டை பிழைத்துக்கொள்ளும். இரண்டு கரைகளும் பார்வைக்கு ஒரே மாதிரிதான் இருக்கும். ஆலோசகர் அளந்த நாளை நாட்காட்டியில் தேடிப் பார்த்தேன். அட்டமி. நேரம் மதியம். தண்ணீர் அதிகம் இறங்காத பருவத்தில், பெருக்கு நிற்கும் வேளையில் வந்து அளந்துவிட்டுப் போயிருக்கிறார்.

இரண்டு சிறிய திருத்தங்களை அப்பு சொன்னார். மிகப் பெரிய வற்று அமாவாசையன்றே வருவதில்லை. ஓரிரு நாள் தள்ளி, பிரதமை, துவிதியை அளவில் வரும். என் பண்ணை காய்ந்தது தீர்த்தத்தின் மறுநாள் என்பது அப்போதுதான் உறைத்தது. மற்றது, அட்டமி நவமிப் பக்கம் இந்தக் கணக்கு அரை மணி, சிலவேளை ஒரு மணித்தியாலம்கூட முன்பின் ஆகும். அந்த நாட்களில் தண்ணீர் அதிகம் ஏறுவதும் இல்லை, இறங்குவதும் இல்லை, நீரோட்டமும் தளர்ந்துவிடும் என்பதால் நட்டம் எதுவும் வராது. வலை தைக்கவும் கட்டை மாற்றவும் நான் இப்போது அந்த நாட்களைத்தான் ஒதுக்குகிறேன். வாக்கியமா திருக்கணிதமா என்று கேட்பவர்களுக்கு: திதி தொடங்கும் நேரத்தில் இரண்டும் சில மணித்தியாலம் முரண்படலாம். தண்ணீரின் கணக்கில் அது பத்துப் பன்னிரண்டு நிமிடத்தைத் தாண்டாது. கோயிலில் சண்டை பிடியுங்கள், கடலில் எது கையில் இருக்கிறதோ அது போதும்.

சரி, அந்த அமாவாசை மணியை எப்படிக் கண்டுபிடிப்பது? ஒரு பனஞ்சலாகையை வாங்கி, நான்கு விரலுக்கு ஒரு வெட்டு போட்டு, தண்ணீர் எப்போதும் நிற்கும் இடத்தில் ஆழமாக அடித்து இறக்குங்கள். அமாவாசையோ பறுவமோ வரும் நாளில் கடிகாரத்தோடு போய் இருந்து, தண்ணீர் எந்த வெட்டில் எத்தனை மணிக்கு நின்றது என்று எழுதுங்கள். அலை இருந்தால் மேட்டுக்கும் பள்ளத்துக்கும் நடுவைப் பாருங்கள். தண்ணீர் நிற்கும் தருணம் கூர்மையாகத் தெரியாது. ஏறும்போது ஒரு வெட்டைக் கடந்த நேரத்தையும் இறங்கும்போது அதே வெட்டைக் கடந்த நேரத்தையும் எழுதி, நடுவை எடுத்தால் சரியாக வரும். இது அப்பு சொன்னதல்ல, கணக்குப்பிள்ளை மூளையில் வந்தது. அவருக்கு அது தேவைப்படவில்லை. வள்ளத்தில் இருந்தபடி, நிலா எந்தப் பனையின் தலைக்கு வந்தால் தண்ணீர் திரும்பும் என்று அவருக்கு அடையாளம் இருந்தது. நிலா உச்சிக்கு வந்து எவ்வளவு நேரத்தில் பெருக்கு நிற்கும் என்பது ஒவ்வொரு கரைக்கும் ஏறக்குறைய மாறாத அளவு என்பதால் அதுவும் அதே கணக்குத்தான், கடிகாரம் இல்லாமல்.

செயலி எனக்குச் செய்த துரோகமும் இங்கேதான் விளங்கியது. அது காட்டியது வெளிக்கடலின் நேரம். வெளியே திரும்பிய தண்ணீர், தீவுகளுக்கு இடையிலுள்ள ஒடுங்கிய வாய்களால், கடலுக்குக் குறுக்கே போட்ட தெருக்களான தாம்போதிகளின் மதகுகளால் நுழைந்து, ஆழமற்ற தரையில் உரசி உரசி உள்ளே வர நேரம் எடுக்கிறது. என் சலாகையில் அது இரண்டேகால் மணித்தியாலத்துக்குக் கிட்டப் பிந்துகிறது. அந்த இடைவெளியைத்தான் நான் வலைக்கட்டையில் சாய்ந்து கழித்தேன். இன்னும் உள்ளே போகப் போகப் பிந்துவதும் கூடும், உயரமும் குறையும். சந்தேகம் இருந்தால் ஏதாவது ஒரு மதகில் பத்து நிமிடம் நின்று பாருங்கள். ஒரு பக்கம் தண்ணீர் உயர்ந்து, மறுபக்கம் தாழ்ந்து, நடுவில் சுழித்து ஓடும். ஒரே தெருவின் இரண்டு பக்கத்துக்கும் ஒரே நேரம் இல்லை.

திதி பாதிக் கணக்குத்தான். மீதி, பருவமும் காற்றும். மாரியில் கடல்மட்டமே பொதுவாக உயர்ந்து நிற்கும், தென்மேற்குக் காற்றான சோழகம் வீசும் காலத்தில் தாழும். என் வலையில் விழுந்த வெளிறிய பட்டை இதுதான். இடத்தை மார்கழியில் அளக்கவே கூடாது. ஆடி, ஆவணியில், அமாவாசை அல்லது பறுவம் கழிந்த நாளின் வற்றில் அளக்க வேண்டும். அப்போதும் முழங்காலளவு நின்றால் அங்கே பணத்தைப் போடலாம். காற்றைப் பொறுத்தவரை, சோழகம் தென்மேற்கிலிருந்து அடித்துப் பரவைக்கடலின் தண்ணீரைக் கிளாலி, ஆனையிறவுப் பக்கம் தள்ளும். வாடை அதை எதிர்ப்பக்கம் திருப்பும். இரண்டு மூன்று நாள் விடாமல் வீசினால், தள்ளப்படும் கரையில் தண்ணீர் குவியும், மற்றக் கரை கணக்கைவிட ஒரு சாண் கூடுதலாக வற்றும். என் பண்ணை சோழகம் உறிஞ்சும் கரையில் இருந்தது. தாழ்ந்த பருவம், பெரிய வற்று, மதிய வெயில், விடாத சோழகம் என்று நான்கும் ஒரே நாளில் கூடிவிட்டன. பஞ்சாங்கமும் சலாகையும் இருந்திருந்தால் முதல் மூன்றை ஒரு மாதத்துக்கு முன்பே குறித்திருக்கலாம்.

மாரியில் பிரச்சினை வேறு. தாழமுக்கம் வந்தால் கடல் திதியை மதிக்காது. வளியமுக்கம் ஒரு மில்லிபார் குறைய, தண்ணீர் ஒரு சென்றிமீற்றர் அளவில் உயரும். அதோடு காற்றும் சேர்ந்துகொள்ளும். வற்றவேண்டிய நேரத்தில் சலாகையில் தண்ணீர் வற்றாமல் நின்றால் அப்பு கடலுக்கு இறங்கமாட்டாராம். 2008 கார்த்திகையில் நிஷா புயல் வந்தபோதும் அப்படித்தான் வீட்டில் இருந்தாராம். அட்டைக்கு இதில் இன்னொரு ஆபத்து உண்டு: பெருமழையின் நன்னீர் உப்பைக் குறைத்துவிடும், அட்டை அதைத் தாங்காது. அட்டமியை ஒட்டி மழை கொட்டினால் அந்த நீர் வெளியேற நாளெடுக்கும், அமாவாசையை ஒட்டிக் கொட்டினால் கொஞ்சம் விரைவாகக் கழுவிக்கொண்டு போகும். குஞ்சு விடும் நாளைத் தெரிவு செய்யும்போது இதையும் பார்க்கிறேன்.

பண்ணையை ஓடைப் பக்கமாக நகர்த்த மேலும் ஒன்றரை இலட்சம் செலவானது. பழைய கட்டைகளில் பாதியைச் சேற்றிலிருந்து பிடுங்கவே முடியவில்லை. சென்ற ஆவணியில் அமாவாசைக்கு அடுத்த இரண்டு நாளும் மதியத்தில் அங்கே நின்றேன். புதிய இடத்தில் தண்ணீர் முழங்காலுக்குச் சற்றுக் கீழே வந்து நின்றது. இன்னும் கொஞ்சம் ஆழத்துக்குப் போயிருக்கலாம், அதற்குக் காசு இல்லை. இளைஞர்கள் இரண்டு பேரையும் அந்த இரண்டு நாளுக்கு மட்டும் நல்லூருக்கு விடவில்லை. தேர் பார்த்துவிட்டு வந்துவிட வேண்டும் என்று முன்பே பேசிக்கொண்டோம். பூங்காவனத்தை விட்டதற்கு இன்னும் முறைக்கிறார்கள்.

போன கிழமை, தாம்போதிக்கு அந்தப் பக்கம் பண்ணை போடும் ஒருவர் தொலைபேசியில் அழைத்து, என் அமாவாசை மணியைக் கேட்டார். சொல்லமாட்டேன் என்றேன். இரண்டு கிலோமீற்றர்தானே அண்ணை, பெரிதாக என்ன வித்தியாசம் வரப்போகிறது என்று கோபித்துக்கொண்டார். சலாகை விற்கும் கடையின் பெயரைச் சொல்லி, அடுத்த பறுவம் எப்போது என்றும் பார்த்துச் சொன்னேன்.